சிறுவருக்கான வடிவக் கவிதை: கோட்டுக்குள் சொல்லை நிரப்பினால் சிரிப்பு வந்துவிடுமா?

நூலகத் தொண்டூழியர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரின் வட்டார நூலகம் ஒன்றின் சிறுவர் பகுதியில், தொடக்கநிலை 2 முதல் 4 வரை படிக்கும் பிள்ளைகளுக்குத் தமிழில் கதை சொல்லும் குழுவில் நானும் ஒருத்தி. இப்பருவத்தில் கதையோடு நிறுத்திவிடாமல், அன்றாட வாழ்க்கையைப் பற்றி வேடிக்கையான வடிவக் கவிதைகளை, அதாவது சொற்களை ஓர் உருவம்போல் அடுக்கி எழுதும் கவிதைகளை, பிள்ளைகளே எழுதட்டும் என்று முடிவு செய்தோம். அதற்காகப் பயிற்சித்தாள்கள் பலவற்றைப் புரட்டியபோது எழுந்த கேள்வி ஒன்றை உங்கள் முன் வைக்கிறேன்.

பெரும்பாலான தாள்களில் ஒரு குடையோ மீனோ கோட்டுருவமாக அச்சிடப்பட்டிருக்கிறது. அதற்குள், “மழை பெய்கிறது, குடை நல்லது, குடை என்னைக் காக்கும்” என்று பிள்ளை எழுதி நிரப்பியதும் வடிவக் கவிதை முடிந்ததாகக் கொள்ளப்படுகிறது. கோட்டை அழித்துவிட்டு அதே வாக்கியங்களை நேர்வரியில் எழுதிப் பாருங்கள், எதுவும் குறைவதில்லை. அப்படியானால் அந்த வடிவம் அங்கே என்ன வேலை செய்தது? வடிவக் கவிதையின் சிரிப்பு எழுத்துகள் நிற்கும் இடத்திலிருந்தே பிறக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தொலைபேசியில் வாசித்துக் காட்டினால் பாட்டி பாதிதான் சிரிக்க வேண்டும். தாளைக் கையில் கொடுத்த பிறகே மீதிச் சிரிப்பு வர வேண்டும்.

மின்தூக்கி பழுதாகிப் படிகளில் இறங்கி வந்த நாளைப் பற்றித் தொடக்கநிலை 3 மாணவன் ஒருவன் எழுதியதை, அவனுடைய பெற்றோரின் ஒப்புதலோடு இங்கே தருகிறேன்.

த
தட
தடத
தடதட
தடதடத
தடதடதட
தொம்!
அம்மா, நான் விழவில்லை.

பாடநூலில் ‘தடதட’ ஓர் இரட்டைக்கிளவி. கோடிட்ட இடத்தை நிரப்பும் பயிற்சியில் வந்து போகும் சொல். இவன் அதைப் படிக்கட்டாகவே கட்டிவிட்டான். ‘ட’ என்ற எழுத்தே ஒரு படியைப் போல் செங்கோணத்தில் நிற்பதை முதலில் சுட்டிக்காட்டியவனும் அவன்தான். கடைசி வரி மட்டும் நேராக, நல்ல பிள்ளையாக நிற்கிறது. விழுந்தவன் எழுந்து நின்று பேசுவதாக அது அமைந்திருப்பதால்தான் அத்தனை பிள்ளைகளும் சிரித்தார்கள்.

உங்கள் கருத்துகளையும், நம் ஊர் வாழ்க்கையிலிருந்து எழுந்த எடுத்துக்காட்டுகளையும் எதிர்பார்க்கிறேன்.

---

அங் மோ கியோ தாய் எழுதியது:

படிக்கட்டுக் கவிதையைப் பார்த்து என் மகள் சிரித்தாள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் ஒரு தாயாக எனக்கு இரண்டு கவலைகள் இருக்கின்றன.

வீட்டில் ஆங்கிலமே மிகுதியாகப் புழங்கும் நிலையில், ஒரு சொல்லைப் பிழையின்றி எழுத வைப்பதற்கே நாங்கள் படாத பாடு படுகிறோம். அந்தச் சொல்லை உடைத்து ஓர் எழுத்தை மேலேயும் இன்னோர் எழுத்தைக் கீழேயும் எழுதச் சொன்னால், அரைகுறையாகத் தெரிந்ததும் கலைந்து போகாதா?

அடுத்த கவலை ஓசையைப் பற்றியது. தமிழ்ச் சிறுவர் பாட்டு எப்போதும் காதுக்கே உரியதாக இருந்துவந்திருக்கிறது. என் அம்மா அழ. வள்ளியப்பாவின் பாடல்களைக் கைதட்டிப் பாடித்தான் எனக்குத் தமிழ் ஊட்டினார். இங்கேயும் கவிஞர் க.து.மு. இக்பால் அவர்கள் வானொலிக்காக எழுதிய சிறுவர் பாடல்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறை ஒன்று உண்டு. பிள்ளை பாடவும் முடியாத, ஒப்பிக்கவும் முடியாத ஒன்றைக் கவிதை என்று கொடுப்பது எந்த அளவுக்குத் தமிழோடு ஒட்டும்?

---

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

தாயாரின் இரண்டாவது கவலைக்கு முதலில் விடை சொல்ல முயல்கிறேன். எழுத்தை இடம்பார்த்து நிறுத்தும் கலை நமக்குப் புதிதன்று. அணி இலக்கண நூலான தண்டியலங்காரத்தின் சொல்லணியியலில் சித்திரகவி வகைகள் இலக்கணத்தோடு வகுக்கப்பட்டுள்ளன. பின்னிக்கிடக்கும் பாம்புகளின் உடலில் எழுத்துகளை நிரப்பி, உடல்கள் குறுக்கிடும் இடங்களில் ஒரே எழுத்து இரண்டு வரிகளுக்கும் பொதுவாக வருமாறு பாடுவது நாகபந்தம். முன்னிருந்து வாசித்தாலும் பின்னிருந்து வாசித்தாலும் ஒன்றாகவே வருவது மாலைமாற்று. திருஞானசம்பந்தர் ஒரு பதிகம் முழுவதையும் அவ்வாறே பாடியிருக்கிறார்.

பிள்ளைகளுக்குச் சொல்வதற்கு மிகவும் ஏற்றது கோமூத்திரி. மாடு நடந்துகொண்டே சிறுநீர் கழித்தால் தரையில் ஈரக்கோடு வளைந்து வளைந்து விழும் அல்லவா, அந்தக் கோட்டின் பெயரையே நம் முன்னோர் ஒரு கவிதை வடிவத்துக்குச் சூட்டினார்கள். செய்யுளை மேல்வரி, கீழ்வரி என்று எழுதி, மேலே ஓர் எழுத்து, கீழே ஓர் எழுத்து என்று மாறி மாறி வளைந்து வாசித்தாலும் அதே செய்யுள் கிடைக்கும். இதை வகுப்பில் சொன்ன நாளில் கடைசி வரிசை மாணவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்ததைக் கண்டிருக்கிறேன். மாட்டைத் தெருவில் காணாத ஊரில் வளரும் பிள்ளைகளுக்கும் இந்தச் சிரிப்பு தடையின்றிப் போய்ச் சேருகிறது.

ஓசையைப் பொறுத்தவரை, மேலே உள்ள படிக்கட்டுக் கவிதையை உரக்கச் சொல்லிப் பார்க்குமாறு தாயாரைக் கேட்டுக்கொள்கிறேன். அது தாளத்தோடுதான் இறங்குகிறது. கண்ணுக்கு ஒன்றும் காதுக்கு வேறொன்றுமாக அங்கே எதுவும் இல்லை.

---

நூலகத் தொண்டூழியர் எழுதியது:

ஆசிரியர் ஐயா, மிக்க நன்றி. கோமூத்திரியை அடுத்த சந்திப்பிலேயே சொல்லப்போகிறேன்.

ஆனால் ஓர் இடத்தில் உங்களிடமிருந்து சற்று விலகி நிற்க விரும்புகிறேன். சித்திரகவி புலவரின் திறமையைக் காட்டுவதற்காகப் பிறந்தது. நாகபந்தத்தைப் பார்ப்பவர் வியக்கிறார், சிரிப்பதில்லை. பழமையான மரபு இருக்கிறது என்பதாலேயே பிள்ளைகளுக்கு அது உவந்ததாகிவிடும் என்று சொல்ல எனக்குத் துணிவு இல்லை. மரபிலிருந்து எந்தக் கருவியை எடுத்தால் பிள்ளையின் கையில் அது விளையாட்டாக மாறும் என்று பார்ப்பதே நமக்குப் பயன் தரும்.

அளபெடை அப்படிப்பட்ட கருவி. நெட்டெழுத்து தன் அளவுக்கு மேல் நீண்டு ஒலிக்கும்போது, அதற்கு இனமான குற்றெழுத்தைப் பக்கத்தில் எழுதிக் காட்ட வேண்டும் என்பது இலக்கணம். நீளும் ஓசையைக் கண்ணுக்கும் தெரியச் செய்யும் ஏற்பாடு அது. கோப்பிக்கடையில் தே தாரிக் எனும் பால்தேநீரை இழுத்து ஆற்றுபவர் ஒரு கையை மேலே தூக்கி, மறுகையைக் கீழே இறக்குவதைப் பிள்ளைகள் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். ஒரு சிறுமி இப்படி எழுதினாள்.

தே
எ
எ
எ
எ
எ
தாரிக்
(தள்ளி நில்லுங்கள், சூடு!)

அளபெடை என்ற பெயரை அவளுக்கு நான் சொல்லவில்லை. ‘தேஎஎஎ’ என்று இழுத்துச் சொன்னவள், அந்த ‘எ’க்களைக் கீழே ஊற்றிவிட்டாள். உயர்நிலைக்குப் போய் இலக்கணம் படிக்கும்போது இந்தக் கோப்பை அவள் நினைவுக்கு வந்தால் எனக்கு அதுவே போதும்.

---

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

தங்கள் மறுப்பை ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும் சித்திரகவியில் சிரிப்புக்கு இடமே இல்லை என்பதை மட்டும் ஏற்க இயலவில்லை. எழுகூற்றிருக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, பிறகு ஒன்று, இரண்டு, ஒன்று, பிறகு ஒன்று, இரண்டு, மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்கள் ஏழு வரைக்கும் ஏறி ஏறி இறங்கும். சம்பந்தரும் திருமங்கையாழ்வாரும் அருணகிரிநாதரும் இதைப் பாடியிருக்கிறார்கள். இதைத் தேர் வடிவில் எழுதிக் காட்டுவது வழக்கம். ஒவ்வொரு முறையும் ஒரு படி கூடுதலாக ஏறிவிட்டு மீண்டும் தரைக்கே வந்து சேரும் இந்த நடை, நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் மின்தூக்கியே அன்றோ! நான்கு வரை ஏறும் சிறிய வடிவம் ஒன்றைப் பேரனோடு சேர்ந்து எழுதினேன்.

ஒரு தம்பி
ஒரு தம்பி இரு பொத்தான் ஒரு நிறுத்தம்
ஒரு தம்பி இரு பொத்தான் மூன்று பாட்டி இரு பெருமூச்சு ஒரு முறைப்பு
ஒரு தம்பி இரு பொத்தான் மூன்று பாட்டி நான்கு பை மூன்று முறைப்பு இரு காது ஒரு திருகு

நான்கு வரியிலும் தம்பி அதே இடத்தில் நிற்கிறான். மின்தூக்கியில் மட்டும் நெரிசல் கூடிக்கொண்டே போகிறது. வரி தாளின் ஓரத்தை முட்டும்போது காது திருகப்படுகிறது. இந்த இடத்தில் என் பேரன் தன் காதைத் தானே பிடித்துக்கொண்டான்.

---

தோ பாயோ வாசி எழுதியது:

மின்தூக்கிக் கவிதை அருமை. ஒரு செய்தியை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். நாங்கள் வளர்ந்த பழைய புளோக்குகளில் மின்தூக்கி எல்லாத் தளங்களிலும் நிற்காது. முதல் தளம், ஐந்தாம் தளம், ஒன்பதாம் தளம் என்று விட்டு விட்டுத்தான் நிற்கும். ஏழாம் தளத்துக்காரர் ஒன்பதில் இறங்கிக் கீழே நடப்பதா, ஐந்தில் இறங்கி மேலே ஏறுவதா என்று ஒவ்வொரு நாளும் முடிவு செய்ய வேண்டும். மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் 2001-இல் அறிவிக்கப்பட்ட பிறகுதான் இந்தச் சிக்கல் சிறிது சிறிதாகத் தீர்ந்தது. ஒன்று, ஐந்து, ஒன்பது ஆகிய வரிகளில் மட்டும் சொற்களை வைத்து, இடையிலுள்ள வரிகளை வெறுமையாக விட்டு, அந்த வெற்றிடத்தில் மூச்சிரைக்க நடந்து போகும் பாட்டியை ஒரு பிள்ளை எழுதினால் இரண்டு தலைமுறையும் சேர்ந்து சிரிக்கலாம்.

---

எழுத்துரு வடிவமைப்பவர் எழுதியது:

கவிதையைப் பற்றி அல்லாமல் எழுத்தைப் பற்றிச் சில சொற்கள். பிள்ளைகளைக் கணினியில் எழுத வைக்கும் எண்ணம் இருந்தால் இவற்றைக் கவனத்தில் கொள்ளுங்கள்.

தமிழ் எழுத்துகளின் அகலம் ஒன்றுபோல் இருப்பதில்லை. ‘ர’ ஒடுங்கி நிற்கும். ‘ணை’ இரண்டு மூன்று எழுத்துகளின் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே இடைவெளிகளைத் தட்டி உருவாக்கும் வடிவம், வேறு திரையில் திறந்தவுடன் சரிந்துவிடும். இந்தத் தளத்திலும் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளிகள் சுருங்கிவிடுவதால், மேலே பகிரப்பட்டவை எல்லாம் இடப்பக்க ஓரத்தை ஒட்டியே எழுதப்பட்டிருப்பதைப் பாருங்கள். அது நல்ல முடிவு.

சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் பொறுப்பையும் மென்பொருளிடம் விடாதீர்கள். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான ஒருங்குறியில் ‘கொ’ என்பது க என்ற குறியும் அதைத் தொடரும் ஒகரக் குறியுமாக இரண்டு குறிகளாகச் சேமிக்கப்படுகிறது. எளிய நிரல் ஒன்று அதைக் குறி குறியாக வெட்டினால் க ஒரு வரியிலும், புள்ளிவட்டத்தோடு கூடிய வெறும் கொம்பும் காலும் அடுத்த வரியிலும் போய் விழும். பிள்ளைக்கு அது ஒரே எழுத்து என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, திரையில் அதை இரண்டாக்கிக் காட்டுவது பெருந்தவறு.

ஆகவே கையால் எழுதுவதே சிறந்தது. அக்கம்பக்கப் புத்தகக் கடைகளில் சீன எழுத்துப் பயிற்சிக்கென்று பெரிய கட்டங்கள் போட்ட பயிற்சிப் புத்தகங்கள் விற்கிறார்கள். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்ற கணக்கு நம் உயிர்மெய்க்கு அப்படியே பொருந்துகிறது. கொம்பும் காலும் சேர்ந்து ‘கொ’ ஒரே கட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்று சொல்லிவிட்டால், தாயார் கவலைப்பட்ட எழுத்துப்பிழை குறையும் என்றே நினைக்கிறேன்.

புள்ளி வைத்த எழுத்துக்குத் தனிக் கட்டம் தருவதா என்பதைத் தமிழாசிரியர்தான் சொல்ல வேண்டும்.

---

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

மாலைமாற்று எழுதும்போது தனிக் கட்டம் கொடுங்கள். ‘தாத்தா’ என்பதை இருபுறமும் வாசிக்க நடுவிலுள்ள ‘த்’ வேண்டும். மற்ற வடிவங்களில் ஒற்றெழுத்தை முந்திய எழுத்தின் கட்டத்திலேயே சேர்த்துவிடலாம். கட்டளைக் கலித்துறை என்ற பாவகையில் ஒற்றெழுத்தை நீக்கித்தானே எழுத்தை எண்ணுகிறோம். பிள்ளைகளுக்கும் அந்தச் சலுகையைத் தரலாம்.

மாலைமாற்று என்றதும் நினைவுக்கு வருகிறது. தைப்பூசத்துக்கு முந்திய நாள் டேங்க் ரோடு கோயிலிலிருந்து வெள்ளித்தேர் கியோங் சைக் ரோடு லயன் சித்தி விநாயகர் கோயிலுக்குப் போய் அன்று மாலையே திரும்பும். ‘தேரு வருதே’ என்பதைக் கட்டங்களில் எழுதிக் கொடுத்தால், போகும்போது ஒரு பக்கமும் திரும்பும்போது மறுபக்கமும் வாசித்துப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

---

பாலர் பள்ளி ஆசிரியை எழுதியது:

நூலகத் தொண்டூழியர் கோட்டுருவப் பயிற்சியை முற்றாக ஒதுக்குவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளிடம் வெற்றுத்தாளைக் கொடுத்து “எழுத்தை இடம்பார்த்து வை” என்றால் அவர்கள் திகைத்துப் போவார்கள். ஒரு மீனின் கோட்டுக்குள் ‘மீன் மீன் மீன்’ என்று எழுதுவது அவர்களுக்குப் பெருமகிழ்ச்சி. எழுத்தும் பழகுகிறது, வாலின் முனை வரும்போது எழுத்தைச் சிறிதாக்க வேண்டியிருப்பதால் விரலும் பழகுகிறது.

புகழ்பெற்ற வடிவக் கவிஞர்களும் கோட்டுருவத்தைப் பயன்படுத்தியிருக்கிறார்களே. ஜெர்மானியரான ரைன்ஹார்ட் டோல் 1965-இல் ஆப்பிள் வடிவம் ஒன்றை அமைத்து, அதை முழுவதும் ஆப்பிளின் பெயராலேயே நிரப்பினார். ஓரிடத்தில் மட்டும் ‘புழு’ என்ற சொல் ஒளிந்திருக்கும். அது வெறும் நிரப்பலா?

---

நூலகத் தொண்டூழியர் எழுதியது:

அம்மா, அந்த ஆப்பிளை நானும் பிள்ளைகளுக்குக் காட்டுகிறேன். அதில் புழுவைக் கண்டுபிடிக்கும் வரை பிள்ளை ஒவ்வொரு சொல்லாகத் தேடுகிறது. கண்டதும் முகம் சுளிக்கிறது, பிறகு சிரிக்கிறது. அந்தச் சொல் ஆப்பிளுக்கு வெளியே ஒரு குறிப்பாக எழுதப்பட்டிருந்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள். நான் கேட்பதும் அதைத்தான். கோடு இருக்கட்டும், ஆனால் கோட்டுக்குள் ஏதாவது நடக்க வேண்டும். மீனுக்குள் ‘மீன்’ என்று நிரப்பும் பிள்ளையிடம், “இந்த மீன் காலையில் என்ன தின்றது?” என்று கேளுங்கள். வயிறு இருக்கும் இடத்தில் அது எதை எழுதுகிறதோ அதில் கவிதை தொடங்கிவிடும்.

பாலர் பள்ளிக்கு ஏற்றது எது என்பதை நீங்களே நன்கு அறிவீர்கள் என்பதால், அந்த வயதைப் பொறுத்தவரை உங்கள் சொல்லை ஏற்கிறேன். தொடக்கநிலை 2-க்கு மேல் கோட்டை எடுத்துவிட வேண்டும் என்பதில் மட்டும் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

தாயாரின் ஓசைக் கேள்விக்கு இன்னொரு சான்றும் இருக்கிறது. கிறிஸ்டியன் மோர்கன்ஸ்டெர்ன் 1905-இல் வெளியிட்ட ஜெர்மன் கவிதை ஒன்று மீன் இரவில் பாடும் பாட்டு. அதில் சொல்லே கிடையாது. யாப்பில் நெடில், குறில் குறிக்கப் பயன்படும் அடையாளங்கள் மட்டுமே செதில்போல் அடுக்கப்பட்டிருக்கும். அசை பிரிக்கக் கற்ற தமிழ்ப் பிள்ளை அதைப் பார்த்தவுடன் வாயை மட்டும் அசைத்துப் பாடத் தொடங்கிவிடுகிறது.

இன்னொரு பிள்ளை எழுதியதையும் பகிர்கிறேன். சமையலறைச் சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் துணி காயப்போடும் வீட்டுப் பிள்ளை இவள். இடப்பக்க ஓரம்தான் சன்னல்.

ம
ழை
ம
ழை
சட்டை பாவாடை துண்டு காலுறை காலுறை
சட்டை பாவாடை துண்டு காலுறை
சட்டை பாவாடை துண்டு
சட்டை பாவாடை
சட்டை
வெயில்

---

தோ பாயோ வாசி எழுதியது:

இந்தக் கவிதையைக் கண்டு மனம் நிறைந்தது. ஆனால் சன்னல் இடப்பக்கம் என்றால், கழியை உள்ளே இழுக்கும்போது முதலில் வீட்டுக்குள் வருவது சன்னலை ஒட்டித் தொங்கும் சட்டைதான். கழியின் நுனியில் உள்ள காலுறை கடைசியில்தான் வரும். கனமான கழியைத் தூக்கிச் சன்னலுக்கு வெளியே உள்ள குழாயில் செருகியும், மழைக்குப் பயந்து உருவியும் பழகியவன் என்பதால் சொல்கிறேன். பிள்ளையின் கவிதையில் சட்டை மட்டும் கடைசிவரை நனைந்துகொண்டிருக்கிறது.

---

நூலகத் தொண்டூழியர் எழுதியது:

ஐயா, உங்கள் பதிவை அப்படியே அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் பென்சிலைக் கழியாகப் பிடித்து மேசை ஓரத்தில் இழுத்துப் பார்த்துவிட்டு, “தாத்தா சொல்வது சரி” என்றாள். பிறகு அவளே மாற்றியது இது.

ம
ழை
ம
ழை
சட்டை பாவாடை துண்டு காலுறை காலுறை
பாவாடை துண்டு காலுறை காலுறை
துண்டு காலுறை காலுறை
காலுறை காலுறை
காலுறை
கா
லு
றை
வெயில்

நுனியில் இருந்த ஒற்றைக் காலுறை இப்போது கைநழுவிக் கீழே விழுகிறது. அதுவும் மழை விழுந்த அதே நெடுவரிசையில் விழுகிறது. நான் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. நடப்பதை நடக்கிற வரிசையில் எழுதியதுமே வேடிக்கை தானாக வந்து அமர்ந்துகொண்டது. எழுதுபவர் தன் கண்ணால் பார்த்த ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான். கடலையும் நிலவையும் பற்றி எழுதிய பிள்ளைகளின் தாள்களில் ஒன்றிலும் இப்படி எதுவும் நிகழவில்லை.

அங் மோ கியோ தாயாருக்கு ஒரு செய்தி: இச்சிறுமி முதலில் ‘கா’வை உடைத்து, க ஒரு கட்டத்திலும் அதன் கால் அடுத்த கட்டத்திலுமாக எழுதியிருந்தாள். காலுறை எத்தனை எழுத்து என்று கேட்டபோது, உதட்டை அசைத்துச் சொல்லிப் பார்த்து, மூன்று என்றாள். அழித்துவிட்டு மூன்று கட்டங்களில் எழுதினாள்.

---

அங் மோ கியோ தாய் எழுதியது:

நீங்கள் சொன்ன கட்டப் புத்தகத்தை வாங்கிக் கொடுத்தேன். என் மகள் வீட்டின் மின்விசிறியைப் பற்றி எழுதத் தொடங்கியிருக்கிறாள், இன்னும் முடிக்கவில்லை. எழுத்துப்பிழையைப் பற்றிய என் அச்சம் பெருமளவு நீங்கிவிட்டது. தேர்வில் எழுத வேண்டிய கட்டுரைக்கு இது உதவுமா என்ற ஐயம் மட்டும் இன்னும் இருக்கிறது.

---

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

கட்டுரைக்கு நேரடியாக உதவாது, தாயே. அப்படி உதவும் என்று சொல்லி இதை விற்கவும் வேண்டாம். தமிழ் எழுத்தைத் தொட்டவுடன் பிள்ளைக்குச் சிரிப்பு வருகிறது என்றால், அந்த ஒன்றையே வேண்டிய அளவு பயனாக நான் கருதுகிறேன்.

---

உயர்நிலை மாணவி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இந்த இழையைப் படித்துவிட்டு, உணவங்காடி நிலையத்தில் டிஷ்யூ பொட்டலத்தை வைத்து இருக்கை பிடிக்கும் நம் வழக்கத்தைப் பற்றித் தம்பிக்காக ஒன்றை எழுதினேன். நாற்காலிகள் நான்கு. பெரியவர்கள் கருத்துச் சொன்னால் மகிழ்வேன்.

டிஷ்யூ டிஷ்யூ
டிஷ்யூ டிஷ்யூ

அ
அஅ
அஅஅ
அச்சூ!

டிஷ்யூ டிஷ்யூ
டிஷ்யூ

தும்மியதால் ஓர் இடம் போய்விட்டது.

---

தோ பாயோ வாசி எழுதியது:

அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், பெண்ணே.

---

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

மிக நன்றாக இருக்கிறது, அம்மா. கடைசி வரியை நீக்கிவிடுங்கள். நான்காவது டிஷ்யூ இருந்த இடம் வெறுமையாகக் கிடக்கிறது. நடந்தது என்ன என்பதை அந்த வெற்றிடமே சொல்லிவிட்டது. அதன் பிறகு வரும் விளக்கம், வாசகர் தாமே கண்டுபிடிக்கும் இன்பத்தைப் பறித்துவிடுகிறது. தும்மல் பெருத்துக்கொண்டே வருவதை எழுத்தின் எண்ணிக்கையால் காட்டியதைத் தொடாதீர்கள்.

---

உயர்நிலை மாணவி எழுதியது:

நீக்கிவிட்டேன், ஐயா. விளக்க வரி இல்லாத தாளைத் தம்பியிடம் காட்டினேன். அவன் ஒரு கணம் எண்ணிப் பார்த்துவிட்டு, “அக்கா, யார் எடுத்தது?” என்று கேட்டு, அதன் பிறகு சிரித்தான்.

---

நூலகத் தொண்டூழியர் எழுதியது:

இக்கவிதைகளை நூலகத்தின் சிறுவர் பகுதியில் ஒட்டுவதற்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. படிக்கட்டுக் கவிதையும் காலுறைக் கவிதையும் ஒரே நெடுந்தாளில், பிள்ளைகளின் கண்மட்டத்தில் முடியுமாறு ஒட்டப்படும். எழுகூற்றிருக்கைக்கு அகலமான தாள் தேவை. அதன் நான்காவது வரி மடங்கிவிட்டால் நெரிசல் போய்விடும். மாணவியின் கவிதையைக் கட்டத்தாளில் கையால் எழுதி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். கடைசி டிஷ்யூவுக்குப் பக்கத்தில் உள்ள கட்டத்தில் பெயரோ வகுப்போ எதுவும் எழுத வேண்டாம். அவற்றைத் தாளின் பின்புறத்தில் எழுதுங்கள்.